பழவேற்காடு ஏரியில் படகு விடப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆந்திரச் சுற்றுலாத் துறைக்கும், வனத் துறைக்கும், திருப்பதி மாவட்ட நிர்வாகத்துக்கும், எல்லைக்குத் தெற்கே இதே ஏரியைப் பார்த்துக்கொள்ளும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

நான் சூளூர்ப்பேட்டைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது இருக்கம் தீவில். தடா மண்டலத்தில் இருக்கிற தீவு அது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் எழுதியிருப்பது தெலுங்கு. இந்த மடலைத் தெலுங்கில் எழுதி அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதுவது, ஏரியைச் சுற்றி இருக்கிற எங்கள் ஆட்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. நான் சொன்னதில் தப்பு இருந்தால் அவர்கள் திருத்தட்டும்.

2025 ஜனவரியில் மூன்று நாள் ஃபிளமிங்கோ (பூநாரை) திருவிழா நடந்தது. நேலப்பட்டு, அட்டக்கானித்திப்பா, பீமுலவாரிபாளையம், எங்கள் தீவு, சூளூர்ப்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைனாகுலருக்கு அடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற பறவையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து வெயிலில் நின்றார்கள். அதற்கு அப்புறம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான். ஏரியில் ஸ்பீட் போட் வரும், ஜெட் ஸ்கி வரும், மிதக்கும் ஓட்டல் வரும், நம் பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். ஜெட்டி கட்டி, டிக்கெட் கவுண்டர் வைத்து, ஏலமும் விட்ட பிறகு நான் பேசினால் யார் காதிலும் ஏறாது. தாளில் கோடு போடும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு ஆள் வரக் கூடாது, படகு ஓடக் கூடாது என்று சொல்கிறவள் நான் இல்லை. வர வேண்டும். என் அப்பா தோணி தள்ளிப் பிழைத்தவர். தண்ணீரில் மெதுவாகப் போகிற சுகம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது, இதில் ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

ஒடிசாவில் இருக்கிற சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வந்து விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்து, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வரப்பு மாதிரி நிற்கிறது. வரைபடத்தில் பார்க்கிறவர்களுக்கு நீலமாக, கடல் மாதிரி தெரியும். இறங்கிப் பார்த்தால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் சுமார்தான். பல இடங்களில் முழங்கால் அளவு. நான் கரைக்கு வந்து படித்த காலத்தில், கோடை விடுமுறைக்கு முந்தின வாரங்களில் தோணி தரைதட்டி நின்றுவிடும். பெரியவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். நாங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடப்போம். செருப்பைச் சேறு விழுங்கிவிடும் என்று கையில் பிடித்துக்கொள்வோம். அப்படியும் ஒரு ஜோடி போயிற்று, அம்மாவிடம் அடி வாங்கினேன்.

வடக்குப் பக்கம் இன்னும் மோசம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற ரோடு ஏரியின் நடுவே மண் கொட்டி எழுப்பியது. தை மாதத்தில் அந்த ரோட்டில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர், ரோஜாப்பூ நிறத்தில் பறவைக் கூட்டம். வைகாசியில் அதே இடத்தில் வெடித்த சேறும் உப்புப் பூத்த மண்ணும் இருக்கும், காற்றடித்தால் புழுதி பறக்கும். பெரியவர்கள் பார்வையிட வருவது எப்போதும் திருவிழா சமயத்தில்தான். தை மாதத் தண்ணீரைப் பார்த்து ஜெட்டிக்கு இடம் குறித்தால், சித்திரையில் அது தரையில் நிற்கும். வருஷத்தில் எத்தனை மாதம் எந்த ஓடையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கும் என்று ஒரு முழு வருஷமாவது அளந்து பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். அளக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கழியை ஊன்றினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீரில் பெரிய இன்ஜின் வைத்த படகு வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்ஜினின் விசிறி, அடியில் கிடக்கிற சேற்றைக் கிளப்பும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. அடியில் இருக்கிற பாசியும் புல்லும் வாடும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஆழமான அணைக்கட்டில் ஜெட் ஸ்கி ஓட்டுகிறார்களே, இங்கே ஏன் கூடாது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

தண்ணீரே குறைந்துகொண்டு வருவதையும் பேச வேண்டும். ஆந்திரப் பக்கத்தில் இருக்கிற ராயதொருவு முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கிறது. அதைத் தூர் வாருங்கள் என்று மீனவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார்கள். சிலிகாவில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்தது, மீனும் இறாலும் நண்டும் பல மடங்கு பெருகின. படகுச் சவாரிக்கு ஒதுக்குகிற தொகையைத் தீர்மானிக்கும்போது, அதே மேசையில் முகத்துவாரத்துக்கு எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும். ஏரி வற்றிக்கொண்டே இருந்தால் படகை எங்கே விடுவது?

அடுத்தது, இந்தத் தண்ணீர் யாருடையது என்பது.

வெளியூர்க்காரர்கள் பார்வைக்கு ஏரி திறந்த வெளி. எங்களுக்கு அது வயல் மாதிரி, வரப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏரியின் தெற்கே பல மீனவ ஊர்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றி வரும். இதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது, சமாதானமும் நடந்திருக்கிறது. எழுதி வைத்த சட்டம் எத்தனையோ கேட்பாரற்றுக் கிடக்கிறது, இந்த எழுதாத முறை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. சவாரிப் படகுக்கு வழி குறிக்கும்போது இந்தப் ‘பாடு’ இடங்களின் மேலே கோடு போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரை உட்கார வைத்து, எந்த நீரோட்டம் வலைக்கு, எந்த ஓடை படகுக்கு என்று அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

வலை வைக்காத பெண்களும் தண்ணீரில் இருக்கிறார்கள். இருளர் வீட்டுப் பெண்களும் இன்னும் சிலரும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பனை ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும், அதுவும் வெயில் கண்ணைக் கூசினால் தெரியாது. அந்தத் தண்ணீரில் ஸ்பீட் போட்டைத் திருப்புகிறவருக்கு அங்கே ஓர் ஆள் இருப்பது எப்படித் தெரியும்? இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

என் தம்பி நண்டு வலை போடுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, யாரோ வாடகைக்குப் பிடித்து வந்த இன்ஜின் படகு அவன் வலை மேலேயே ஏறிப் போனது. விசிறியில் சுற்றிய வலையை அவர்கள் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் கடன் வாங்கி எடுத்த வலை. படகுக்காரரும் நமக்குத் தெரிந்த ஆள்தான், அவரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை, வலை போன பிறகு எங்கே போய்க் கேட்பது என்று என் தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் போடப் போகிற விதிகளில், வலை சேதமானால் யார், எத்தனை நாளில், எவ்வளவு தருவார்கள் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

பறவைகளைப் பற்றி வனத் துறைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆந்திரப் பக்கம் 1976லும் தமிழ்நாட்டுப் பக்கம் 1980லும் சரணாலயமாக அறிவித்த ஏரி இது. ஆனால் சுற்றுலாத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுத் தண்ணீரைச் சலித்துச் சலித்துத்தான் சாப்பிடும். அரை வயிறு நிரம்பவே அதற்கு வெகு நேரம் ஆகும். படகு நெருங்கி ஒரு தடவை எழும்பினால் அந்த வேளைச் சாப்பாடு போயிற்று, பறந்த களைப்பு வேறு. கூட்டம் மொத்தமாக எழும்பும்போது இறக்கையின் சிவப்பும் கறுப்பும் தெரியும். அந்தப் படத்துக்காக வேண்டுமென்றே விரட்டச் சொல்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தார்கள். நேலப்பட்டில் மரத்தின் மேல் கூடு கட்டுகிற கூழைக்கடாக்கள் குஞ்சுக்கு மீன் பிடிக்க வருவதும் இங்கேதான். அங்கே கூட்டைக் காவல் காத்துவிட்டு, இங்கே அவை இரை தேடும் இடத்தில் இன்ஜினை அலற விட்டால் காவல் பாதிதான். பறவை வரும் மாதமும் ஆட்கள் வரும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது, ஐப்பசி முதல் பங்குனி வரை. அதனால் மேயும் இடங்களைச் சுற்றி மிதவை கட்டி எல்லை காட்டுங்கள். அந்த எல்லைக்கு வெளியே நின்று பார்க்கட்டும். கரையில் இரண்டு மேடை கட்டி நல்ல தொலைநோக்கி வைத்தால் படகில் ஏற முடியாத வயசானவர்களும் பார்ப்பார்கள்.

இனி, எழுதக் கஷ்டமான பகுதி.

2011ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, இதே ஏரியில், பழவேற்காட்டுப் பக்கம், உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் மூழ்கிச் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி தீவில் யாரும் சாப்பிடவில்லை. ஒரு மீட்டர் ஆழ ஏரியில் இத்தனை பேர் எப்படி என்று கேட்கலாம். முகத்துவாரத்தை ஒட்டி ஓடை ஆழம், வற்றம், அதாவது கடல் நீர் இறங்கும் நேரம், இழுக்கும்போது தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும், அலை உள்ளே ஏறி வரும். அங்கே நீந்தத் தெரிந்தவனே திணறுவான்.

அதற்குப் பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் வந்தால் ஆட்கள் வரத்தான் செய்தார்கள், படகுக்காரர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. ஜெட்டியில் ஏற்றாமல் சற்றுத் தள்ளி, பார்வைக்கு மறைவாக ஏற்றினார்கள். மறைவாக ஏற்றும்போது ஆளை எண்ணுகிறவர் யாரும் இல்லை, ஜாக்கெட் கேட்பவரும் இல்லை. திறந்த சவாரியை விட மறைவான சவாரி ஆபத்து என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் ஒழுங்காக ஒரு திட்டம் வேண்டும் என்கிறேன்.

படகு கவிழ்வது ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான் நடக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்போது பேசினார்கள். 2017 நவம்பரில் விஜயவாடா பக்கம் கிருஷ்ணா நதியில் அனுமதியில்லாத தனியார் படகில் ஏறிய 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 செப்டம்பரில் கச்சுலூரில் கோதாவரி வெள்ளத்தில் படகு விட்டார்கள், அதுவும் கவிழ்ந்தது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது, இருட்டிய பிறகும் ஓடியது, ஏற்ற வேண்டியதற்கு மேலே ஆள் ஏற்றியது. ஒவ்வொரு தடவையும் விசாரணைக் கமிஷன், நிவாரணம், புது விதி. விதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 2021இல் உள்நாட்டுக் கப்பல்களுக்கென்று நாடு முழுமைக்கும் புதிய சட்டமே வந்தது. ஆனால் படகுத்துறையில் நின்று எண்ணுகிற ஓர் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதில் எல்லாம் நின்று போகிறது.

எங்கள் மீன்பிடிப் படகைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அதை வலையும் மீனும் அடியில் கிடக்கிற மாதிரி கட்டுகிறார்கள். பாரம் கீழே இருந்தால் ஆடினாலும் நிமிர்ந்துகொள்ளும். அதே படகில் குறுக்கே பலகை போட்டு மேலே ஆட்களை உட்கார வைத்தால் பாரம் மேலே ஏறிவிடும். அப்புறம் ஒரு பையன் செல்ஃபி எடுக்க எழுந்து நிற்பான், இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் நகர்வார்கள். மீன் பிடிக்க நல்ல படகு, ஆள் ஏற்ற நல்ல படகு ஆகிவிடாது. அகலமான, தட்டையான அடி உள்ள, பத்துப் பேருக்கு மேல் ஏற முடியாத படகாகச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து ஜாக்கெட். இதை எழுதத்தான் நான் பேனா எடுத்தேன்.

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒருவர் இரண்டு மூட்டை லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் கடையில் போட்டார். எந்த ஊர், எந்தப் படகுத்துறை என்பது இங்கே வேண்டாம். வார் அறுந்திருக்கிறது, தைத்துக் கொடு என்றார். நான் 22 வருஷமாகத் தைக்கிறேன், துணியைத் தொட்டால் அதன் வயசு தெரியும். துணி வெயிலில் இற்றுப் போயிருந்தது, ஊசி போட்ட இடமெல்லாம் கிழிந்தது. உள்ளே இருக்கிற ஃபோமை அழுத்திப் பார்த்தேன். பல வருஷம் அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மேலே தையல் மெஷின் பாகத்தை வைத்துப் பார்த்தேன், அப்படியே கீழே போயிற்று. மூட்டை முழுவதும் பெரியவர்கள் அளவுதான். குழந்தைக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவிவிடும். மாட்டிவிட்ட தாய், பிள்ளைக்குக் காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பாள். நான் தைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். அன்றிலிருந்து எந்தத் துறையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைப் பார்த்தாலும் எனக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வருகிறது.

அதனால் கேட்கிறேன். ஜாக்கெட்டுக்கு வாங்கிய தேதியை எழுதுங்கள். இத்தனை வருஷம் ஆனால் கழித்துவிட வேண்டும் என்று கணக்கு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை கட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், எல்லார் முன்னாலும். குழந்தை அளவில் மூன்று விதம் வேண்டும், காலுக்கு நடுவே போகிற வாரோடு. மேலே உட்காரக் கூடாது என்பதற்காக உட்கார மெத்தை தனியாகப் போடுங்கள். சேலை கட்டிய பெண்கள் மாட்டத் தயங்குவார்கள், அவர்களுக்கு மாட்டிவிட ஒரு பெண் துறையில் இருக்க வேண்டும். இது பெரிய செலவில்லை, துறை வாசலில் அலங்கார வளைவு கட்டுகிற காசில் பாதி ஆகாது.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்வதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. சுற்றுலாப் பயணிக்கு ஜாக்கெட் என்று பேசுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு? ரேஷன் அரிசி மூட்டையோடு வருகிற கிழவிக்கு? தடா ஆஸ்பத்திரிக்கு வயிற்று வலியோடு போகிறவளுக்கு? தீவுக்காரர்கள் தினமும் கடக்கிற தண்ணீர் இது. என் பெரியம்மாவை ஒரு மழை ராத்திரியில் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுபோனோம். படகில் விளக்குகூட இல்லை, ஒருவன் செல்போன் வெளிச்சத்தை முன்னால் பிடித்துக்கொண்டிருந்தான். உல்லாசத்துக்கு ஒருநாள் வருகிறவர் பாதுகாப்பான படகில் போக, அவர் பக்கத்திலேயே எங்கள் பிள்ளைகள் வெறும் உடம்போடு பழைய படகில் போகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். முதல் ஜெட்டி, முதல் நல்ல படகு, முதல் ஜாக்கெட் ஊர்ப் பயணத்துக்கு வரட்டும். அதே துறையை, அதே மீட்புப் படகை, அதே விளக்கைச் சவாரிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு செலவு வேண்டியதில்லை. வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, என்ன மாதிரிப் படகு, யார் ஓட்டுவது?

பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் பெரும்பாலும் துடுப்புப் போட்டுத்தான் கூட்டிப் போகிறார்கள். அதற்காக யாரும் வராமல் இருக்கிறார்களா? குறுகலான கால்வாயில் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு போவதற்குத்தான் வருகிறார்கள். சிலிகாவில் மங்களாஜோடி என்று ஓர் ஊர். பறவையைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்களே இன்றைக்கு அங்கே பறவைக்குக் காவல். கழி தள்ளுகிற படகில் ஆட்களைக் கூட்டிப் போய் ஒவ்வொரு பறவையாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்களிலும் பாய் கட்டத் தெரிந்தவர்கள், கழி தள்ளத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் இருக்க மாட்டார்கள். வாடைக் காற்றில் பாய் புடைத்துத் தோணி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்போது கிடைக்கிற சந்தோஷத்தை ஜெட் ஸ்கி தராது. வருகிறவர்களுக்கு அதைக் கொடுங்கள். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு எத்தனையோ ஊர் இருக்கிறது.

உரிமத்தை வெளியூர்க் கான்ட்ராக்டர் ஒருவருக்கு மொத்தமாக ஏலம் விடாதீர்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தீவு ஊர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். பாடு மாதிரியே சவாரியையும் முறை போட்டுக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். ஓட்டுபவருக்குத் தினக்கூலி நிச்சயமாக இருந்தால், இன்னும் இரண்டு பேரை ஏற்றினால் இன்னும் இருநூறு ரூபாய் என்கிற ஆசை வராது. அதிக ஆள் ஏற்றுவதற்குப் பேராசையை விடத் தலைக்கு இவ்வளவு என்கிற கூலி முறைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பையன்களுக்கு நீச்சலும் முதலுதவியும் சொல்லிக் கொடுத்துச் சான்றிதழ் கொடுங்கள். பெண்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, மீன் குழம்புச் சாப்பாட்டைத் தாண்டி. டிக்கெட், கணக்கு, வழிகாட்டல் எல்லாம் எங்கள் பிள்ளைகள் செய்வார்கள். மூன்று மொழி பேசுகிற பிள்ளைகள் இவர்கள்.

கழிப்பறையும் குப்பையும் பற்றி ஒரு வார்த்தை போதும். படகுத்துறைக்கு முன்பு அவை கட்டப்பட வேண்டும். ஏரிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் போகக் கூடாது.

எல்லைக்கு வருகிறேன். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், பழவேற்காட்டு முகத்துவாரம் தமிழ்நாட்டில். தண்ணீருக்கு நடுவே கல் நட்டு வைக்கவில்லை. மீன்பிடிப்பில் இதனாலேயே எத்தனை தடவை தகராறு வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கு இந்தப் பக்கம் ஏறிய படகு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, எந்தப் போலீஸ், எந்தப் படகு வரும்? பக்கத்தில் இருப்பது எதுவோ அது வர வேண்டும், கேஸ் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாவட்டமும் முதலிலேயே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தடை, இன்னொரு பக்கம் அனுமதி என்றால் ஆட்கள் அனுமதி இருக்கிற பக்கம் ஏறித் தடை இருக்கிற பக்கம் போவார்கள். விதி ஒன்றாக இருக்கட்டும். முகத்துவாரம் பக்கம் எந்தச் சவாரியும் போகக் கூடாது என்பது அந்த விதியில் முதல் வரியாக இருக்கட்டும். மாலை 5 மணிக்குள் கடைசிப் படகு கரையேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கை வந்தால் துறையில் கொடி ஏற்றி, படகைக் கட்டிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் காளங்கி எப்படிப் புரண்டு வந்தது என்பதைச் சூளூர்ப்பேட்டையில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ராக்கெட் விடுகிற நாளையும் தனியாகக் கணக்கில் எடுங்கள். அன்றைக்குச் சூளூர்ப்பேட்டையில் கால் வைக்க இடம் இருக்காது. மேலே போகிற வரை எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள், போன பிறகு எல்லாருக்கும் ஏரிதான் கண்ணில் படும். அந்த நாளுக்கென்று தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மற்ற நாளில் போட்ட விதி அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் உடைந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் திட்டத்துக்கான அடுத்த கூட்டத்தைத் திருப்பதியிலோ சூளூர்ப்பேட்டை விருந்தினர் மாளிகையிலோ வைக்காமல் இருக்கம் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். வைகாசி மாதம் வையுங்கள். பீமுலவாரிபாளையம் துறைக்குக் காலையில் ஊர் ஆட்களையும் மீன்கூடைகளையும் கொண்டு வருகிற அதே படகில் ஏறி வாருங்கள். படகு தரைதட்டினால் இறங்கித் தள்ள நாங்கள் இருக்கிறோம், மாற்றுச் செருப்பு மட்டும் கையில் எடுத்து வாருங்கள். ஜாக்கெட் கேளுங்கள். கொடுக்க முடிகிறதா என்று படகுக்காரரிடமே பாருங்கள். மதியம் எங்கள் வீட்டில் மடவை மீன் குழம்பு வைக்கிறோம். சாப்பிட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் தரையில் குச்சியால் ஓடை ஓடையாகக் கோடு போட்டுக் காட்டுவார்கள். அதை உங்கள் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஜெட்டிக்கு இடம் குறிப்போம்.

இப்படிக்கு,
இருக்கம் தீவில் பிறந்து, சூளூர்ப்பேட்டையில் தைத்துப் பிழைக்கிற ஒருத்தி